அரை மீட்டர்க் கடலும் ஒரு முழுநாளும்

தம்பலகாமம் குடாவில் கரையோரமாகப் படகை நிறுத்தி, கண்டல் மரமொன்றின் முட்டுவேர்களைக் கவனித்தால் ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வேர் முழுக்கச் சிப்பியும் கொட்டலசும் அப்பிக் கரடுமுரடாகக் கிடக்கும். மேலே பழுப்பு நிறத்தில் வெறும் பட்டை. கோட்டிலிருந்து சேறுவரை உள்ள உயரம் பல இடங்களில் முழங்காலைத் தாண்டாது. கடல் இங்கே ஏறி இறங்குவது அவ்வளவுதான்.

சுந்தரவனத்தில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை மூன்று மீட்டருக்கும் மேலே ஏறி வடிகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அந்த ஏற்ற இறக்கம் பத்து மீட்டரைத் தொடும். திருகோணமலையில் அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில்கூட அது அரை மீட்டரை ஒட்டியே நிற்கிறது. நிலா எல்லா இடத்திலும் ஒன்றுதான். வேறுபாடு கடலடித் தரையில் இருக்கிறது. ஆழ்கடலில் ஓதம் மிகத் தாழ்ந்த அலை. அகலமான, ஆழம் குறைந்த கண்டத்திட்டின் மேல் ஊர்ந்து வந்து, ஒடுங்கும் குடாவுக்குள் நெருக்குண்டால்தான் அது உயரும். இலங்கையின் கிழக்கே கண்டத்திட்டு மிகவும் ஒடுக்கம். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனாலே ஆழ்கடல் வந்துவிடுகிறது. ஓதம் நிமிர்வதற்கு இடமே கிடைப்பதில்லை.

காலையில் கண்டல் காட்டையும் பின்னேரம் திருகோணமலை நகரத்தையும் காட்டும் ஒருநாள் சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு இந்த அரை மீட்டரை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. பறவைப் பட்டியலும் கோயில் வரலாறும் அதற்குப் பிறகு வரட்டும். இந்தக் காடு ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது, நட்ட கன்றுகள் ஏன் செத்தன, துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு கேள்வியும் கடலடித் தரையில்தான் போய் முட்டும்.

கிண்ணியாப் பக்கத்துப் படகுக்காரரிடம், "காக்கா, எத்தனை மணிக்கு வெள்ளம் ஏறும்?" என்று கேட்டால், "வெள்ளத்தப் பாத்து வரத் தேவையில்ல தம்பி, காத்தப் பாத்து வாங்க" என்பார். வைகாசிக்குப் பிறகு முற்பகல் ஏற ஏறக் கச்சான் காற்று கிளம்பிவிடும். தரைப்பக்கமிருந்து சூடாக, வறண்டு வீசும். ஆகவே விடியற்காலை ஆறு மணிக்குள் படகேறுவதுதான் முறை. மாரியில் வாடைக்காற்றும் மழையும். ஐப்பசியிலிருந்து தை வரை பெய்யும் மழைதான் இந்தக் களப்புகளின் உப்பை ஏற்றி இறக்குகிறது. ஓதம் சின்னதாக இருக்கும் கரையில் காட்டின் கடிகாரத்தைத் திருகுவது பருவக்காற்று. கோடையில் சிறிய களப்புகளின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். நாட்கணக்காக நீர் ஒரே மட்டத்தில் தேங்கும், ஆவியாகும், உப்பு ஏறும். மாரி வெள்ளம் வந்து மணல்திட்டை உடைத்தால் ஒரே இரவில் எல்லாம் வடியும். மரங்கள் பழகவேண்டியிருப்பது இந்த நீண்ட மூச்சடைப்புக்கும் திடீர் வடிகாலுக்கும்.

மூச்சடைப்பு என்று சும்மா சொல்லவில்லை. கண்டல் சேற்றில் விரலை விட்டால் மேலே ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு. அதற்குக் கீழே கரி போன்ற கறுப்பு, கூடவே கூழ்முட்டை நாற்றம். உயிர்வளி தீர்ந்துபோன சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக்கொண்டு பிழைக்கின்றன. அப்போது வெளிவரும் ஐதரசன் சல்பைடுதான் அந்த நாற்றம். அது இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறமும் தருகிறது. சாதாரண மரத்தின் வேர் இதற்குள் சில நாட்களில் அழுகிவிடும். கண்டலின் முட்டுவேர் தண்டிலிருந்து வளைந்து இறங்கி, நீருக்கு மேலே பட்டை முழுக்கப் பொட்டுப்பொட்டாய்த் துளைகளை வைத்திருக்கிறது. கண்ணா மரமோ சேற்றுக்குள் கிடைமட்டமாக வேரை ஓடவிட்டு, அதிலிருந்து பென்சில் கனத்தில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டுகிறது.

அந்தத் துளைகள் நிஜமாகவே காற்றை உள்ளே விடுகின்றனவா என்பதைப் பெர் ஷோலாண்டர் என்ற உடலியலாளர் மிக எளிய வழியில் சோதித்தார். முட்டுவேரின் துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்துவிட்டு, சேற்றுக்குள் இருக்கும் வேர்ப்பகுதியிலிருந்து காற்றை உறிஞ்சி அளந்தார். அடைப்பதற்கு முன் வேருக்குள் 15 சதவீதத்துக்கு மேல் இருந்த உயிர்வளி, இரண்டே நாளில் 2 சதவீதம் அளவுக்கு விழுந்தது. 1955இல் வெளியான இந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டவை கிரீஸ், ஒரு ஊசிக்குழல், பொறுமை. கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியொருவர் செய்துகாட்டக்கூடிய அறிவியல் இதுதான். மரத்துக்காக ஒரு வேரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே ஷோலாண்டர் பத்தாண்டு கழித்து இன்னொரு கேள்வியை எடுத்தார். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நீரை மட்டும் இழுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேலான உறிஞ்சுவிசை வேண்டும். மரத்துக்குப் பம்பு எங்கே? வெட்டிய கொப்பை ஒரு கலத்துக்குள் வைத்து, வெட்டுவாயில் சாறு எட்டிப்பார்க்கும்வரை வாயு அழுத்தத்தை ஏற்றினார். கண்டல் இனங்களில் அது 35 முதல் 60 வளிமண்டலம் வரை போயிற்று. அதாவது இலை வெயிலில் நீராவி விடும்போது மரத்துக்குள் நீர்த்தம்பம் அவ்வளவு விசையோடு இழுபட்டு நிற்கிறது. அந்த இழுவிசையே வேரின் சவ்வுவழியே கடலை வடிகட்டுகிறது. நகரங்களுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மின்சாரம் கொட்டிச் செய்வதை மரம் வெயிலைக்கொண்டு செய்துவிடுகிறது. முட்டுவேர்க் கண்டல் உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். கண்ணா கொஞ்சம் தாராளமாக உப்பை உள்ளே விட்டு, இலைகளிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றும். மழையில்லாத நாளில் கண்ணா இலையின் மேல்பக்கத்தை நாக்கால் தொட்டுப் பாருங்கள். உப்புக் கரிக்கும், சில நேரம் பொடிப்பளிங்கு வெயிலில் மின்னுவதுகூடத் தெரியும்.

எல்லா இலையையும் இப்படி நக்கிவிடக் கூடாது. தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த, அங்கே தலமரமாக இருக்கும் அதே தில்லை. பிச்சாவரத்திலிருப்பது போலவே இங்கும் கண்டல் காட்டின் தரைப்பக்க ஓரத்தில் வளரும். கொப்பை ஒடித்தால் வடியும் வெண்பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். விறகுக்குக்கூட அதை வெட்டத் தயங்குவார்கள்.

விலங்குகளைக் காட்டுவதில் வழிகாட்டிகள் வல்லவர்கள். எனக்குச் சொல்ல அதிகமில்லை. மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம், சோம்பலாக நீந்தும் கபரகொய்யா எல்லாம் தானாகவே கண்ணில் படும். முதலை இருக்கிற இடத்தில் கையை நீருக்குள் விடாதீர்கள். மீன்பிடிப் பூனை இரவாளி. சேற்றில் அதன் அடித்தடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆனால் சேற்றின் மேலேயே பத்து நிமிடம் சும்மா இருந்து பார்க்கும் சுற்றுலாக்காரர் குறைவு. உளுவை இனத்து மீனொன்று நீரைவிட்டு ஏறி, மார்புத்துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகும். செவுளறைக்குள் நீரை அடக்கிக்கொண்டும், ஈரத்தோலாலும் அது மூச்செடுக்கிறது. தோல் காயாமலிருக்க இடையிடையே உருண்டு புரளும். ஒற்றைப் பெருங்காலை ஆட்டி ஆட்டி அழைக்கும் ஆண் நண்டுகளும் அங்கேதான். அவை சேற்றை வாயில் போட்டு, உணவுத்துணுக்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சிறு உருண்டைகளாகத் துப்புகின்றன. வளை தோண்டும் அதே வேலையால் காற்றும் சேற்றுக்குள் இறங்குகிறது. மரத்தின் மூச்சுக்கு நண்டும் கூலியில்லாமல் உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பலகாமம் குடாவுக்கு இன்னொரு பழைய புகழும் உண்டு. கண்ணாடித்தகடு போல ஒளி புகும் ஓடுள்ள ஒருவகைச் சிப்பி இந்தச் சேற்றில் ஏராளமாக வாழ்ந்தது. அதன் முத்து மிகச் சிறியது. நகைக்கு ஆகாதவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வெற்றிலையோடு மெல்லச் செல்வர்கள் வாங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் திருகோணமலையில் இருந்துகொண்டு முத்துச்சிப்பிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தபோது இந்தக் குடாச் சிப்பியையும் ஆராய்ந்தார். மன்னாரின் முத்து உலகம் முழுக்கத் தெரியும். வெற்றிலையோடு மென்று துப்பப்பட்ட தம்பலகாமத்து முத்தைப் பற்றி ஊருக்குள்ளேயே பேச்சில்லை.

இனிக் கொஞ்சம் கசப்பான பகுதி. 2004 டிசம்பர் 26இல் சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் அடித்து நொறுக்கியது. கிண்ணியா வைத்தியசாலையும் தப்பவில்லை. அடுத்த ஆண்டே, கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த பின் டேனியல்சன் குழுவினர், மரச்செறிவு இருந்த இடங்களில் பின்னாலிருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று எழுதினார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து விலகியும் மேட்டிலும் இருந்ததையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அகலமான காடு அலையின் வேகத்தைத் தின்னும். நாலு வரிசை மரம் தின்னாது. நமது அரை மீட்டர்க் கரையில் காடு பெரும்பாலும் நாலு வரிசைதான். "கண்டல் நட்டால் சுனாமி வராது" என்ற அளவுக்குப் படகில் வைத்துச் சொல்வது மரத்துக்கும் நல்லதல்ல.

ஏனெனில் அந்த நம்பிக்கையில்தான் நாடு முழுக்க நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கொடிகார முதலானோர் இலங்கையின் 23 இடங்களில் நடுகைத் திட்டங்களை நேரில் போய்ச் சரிபார்த்தார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் மரத்தின் பலவீனமல்ல. முட்டுவேர்க் கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். பிடுங்கிச் சேற்றில் குத்தினால் நடுகை முடிந்தது, புகைப்படத்துக்கும் அழகு. அதனாலேயே எந்த மட்டம், எவ்வளவு நேரம் நீர் நிற்கும் என்று பாராமல் கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் குத்தினார்கள். ஓதம் மூன்று மீட்டர் ஏறும் கரையில் நடும் மட்டம் ஒரு சாண் தவறினால் மரம் பொறுக்கும். அரை மீட்டர்க் கரையில் ஒரு சாண் என்பது ஏறத்தாழப் பாதி உலகம். கீழே வைத்த கன்று நிரந்தரமாக மூழ்கியது; மேலே வைத்தது காய்ந்தது; நடுவில் வைத்ததை மாடு மிதித்தது.

சட்டப் பாதுகாப்பு தாமதமாகத்தான் வந்தது. 2015இல், தன் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாக்க முன்வந்த முதல் நாடு என்று இலங்கைக்குப் பேர் கிடைத்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பு வேலையை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. நட்டுப் படமெடுத்துவிட்டுப் போகாமல், நீரோட்டத்தைத் திருத்தி மண்மட்டத்தைப் பார்த்துச் செய்யும் புதிய முறைக்கும் அதில் பங்குண்டு.

நாள் இப்போது பின்னேரத்துக்கு வருகிறது. கிண்ணியாவுக்குப் பாதைப் படகேறிக் கடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைத் தாண்டி, குடாவைச் சுற்றி நகரத்துக்குள் வந்து, பிரெடெரிக் கோட்டை வாசலில் நுழைய வேண்டும். கோட்டை இன்னும் இராணுவத்தின் கையில்தான். வாசல் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருப்பது கண்ணில் படாமல் போகலாம், நின்று பாருங்கள். உள்ளே புள்ளிமான்கள் ஆளுக்குப் பயமின்றி மேயும். சந்தைப்பக்கம் குப்பை மேய்வதும் அவைதான், பொலித்தீன் உட்பட. படமெடுக்கிறவர்கள் பிஸ்கட் கொடுக்காமலிருந்தால் நல்லது.

மேலே ஏறினால் கோணேசர் கோயில். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, கல்லைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள், மீதியைக் கடலில் தள்ளினார்கள். 1950இல் நகரில் கிணறு தோண்டும்போது வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் முக்குளித்துத் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டார்கள். கடல் உயர்ந்து கோயிலை விழுங்கியது என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தூண்கள் கடலுக்குள் போனது மனிதக் கையால். கடல் உயர்ந்ததும் உண்மைதான், ஆனால் அது வேறு கதை: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே கிடந்தது. அன்று கண்டல் காடு இருந்திருந்தால் அது இந்தக் குடாவில் இல்லை. எங்கோ வெளியே, கண்டத்திட்டின் விளிம்பில்.

கோயிலருகே பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்க்கும்போது அந்த விளிம்பு எவ்வளவு கிட்ட என்பது புரியும். கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்குகிறது ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு. வெளிக்கடலை நோக்கி 3,000 மீட்டருக்கு மேல் ஆழமாகிப் போகிறது. இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடி வந்து இந்தக் குடாவில்தான் கலக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்துக்குள் சரிந்து ஆழ்கடலுக்குப் போய்விடுகிறது. மீதி, அலை குறைந்த ஓரங்களில் தங்கிக் கண்டலுக்குச் சேறாகிறது. கப்பற்படைகள் இந்தத் துறைமுகத்துக்காக மாறி மாறி அடித்துக்கொண்டதற்கும், பங்குனி முதல் ஆவணி வரை நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதற்கும் பின்னால் இந்த ஆழம் இருக்கிறது. ஓதம் நிமிராததற்கும் அதுவே காரணம் என்று காலையில் பார்த்தோம்.

மாலைப் பூசை மணி அடித்து முடிந்த பிறகு டச்சு பே கடற்கரையில் இறால் வடையும் பிளேன் டீயும் என்பது ஊர் வழக்கம். அந்த நேரத்தில்தான் குடாவில் கிண்ணை என்ற கண்டல் மரத்தின் பூ விரிகிறது என்பதைச் சுற்றுலா நிரல் மறந்துவிடுகிறது. ஒரே இரவு நிற்கும் பூ அது. வௌவாலையும் அந்துப்பூச்சியையும் எதிர்பார்த்து இருட்டில் திறக்கும். கோயிலையும் கிண்ணைப் பூவையும் ஒரே மாலையில் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் கோயிலுக்கே போங்கள் என்பேன். பூசைக்கு நேரம் உண்டு, கிண்ணைக்கு இன்னொரு நாள் உண்டு.

மாற்றச் சொல்வது வேறொன்று. நகரத்துக்குத் திரும்பும் வழியில் தம்பலகாமத்தில் அரை மணி நேரம் இறங்க வேண்டும். மலைக்கோயில் இடிபட்ட பிறகு, காப்பாற்றிய திருவுருவங்களுக்குக் கோயில் அமைந்தது இங்கேதான். ஆதிகோணநாயகர் என்று இன்றும் பூசை நடக்கிறது. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயல் கோயிலைச் சுற்றி. வயலைத் தாண்டிக் குடாப்பக்கம் நடந்தால் மாடு மேயும் தரவை, அதற்கப்பால் தில்லையும் கண்ணாவும். கடலின் பக்கம் நின்று பார்க்கிறவருக்குக் கண்டல் காடு நிலத்தைக் காக்கும் வேலி. இந்தப் பக்கம் நின்றால்தான் அந்தக் காடு பின்வாங்க எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும்.

பின்வாங்கத்தான் வேண்டியிருக்கும். உலகக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரி 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பனியூழி முடிந்து கடல் உயர்ந்த காலத்துக் கண்டல் சேற்றைத் துருவிப் பார்த்து, உயர்வு ஆண்டுக்கு 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் கண்டல் காடுகளால் தங்கள் சேற்றை அதே வேகத்தில் உயர்த்தி ஈடுகொடுக்க முடியாது என்று கணித்தது. ஓதம் சின்னதாகவும் வண்டல் வரத்துக் குறைவாகவும் உள்ள கரைக்கு அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வரலாம். 1970களிலிருந்து மகாவலியின் குறுக்கே வரிசையாக எழுந்த அணைகள் நீரை மட்டுமல்ல, வண்டலையும் பிடித்து வைத்திருக்கின்றன. கடல் இருபது சென்டிமீட்டர் உயர்ந்தால் சுந்தரவனத்துக்கு அது ஓதத்தில் ஒரு சிறு பங்கு. இங்கே வேரிலுள்ள அந்தக் கோட்டுக்கும் சேற்றுக்கும் நடுவிலுள்ளதில் பாதிக்குக் கிட்ட.

அப்போது கண்ணா முளைக்க வேண்டிய இடம் தரவை. இன்று அது வெறும் நிலம் போலத் தெரிவதால்தான் மண் நிரப்பவும் மதில் கட்டவும் முதலில் கண் வைப்பது அதன் மேல். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டரைக் கரையோர வலயம் என்கிறது. களப்பும் ஆறும் கடலோடு சேரும் இடங்களில் அந்த வலயம் இரண்டு கிலோமீட்டர்வரை உள்ளே நீள்கிறது. அந்த உயர்நீர்க் கோடு வரும் ஆண்டுகளில் தரவைக்குள் நகரும். மதில் ஒன்று ஏற்கெனவே எழுந்திருந்தால் அது நகராது. இடையில் அகப்படுவது அந்த நாலு வரிசைக் காடு.